கான் மாஸ்டரின் கணக்குக் குதிரை

சங்கரன்கோவில்,
8-8-1982

அன்பு மகன் கமருதீனுக்கு, உம்மா மகபூப் பீவி ஸலாம் சொல்லித் தங்கச்சி ஷரீபாவின் கையால் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் குதிரை ராணியும் நலம், பம்பாய் மழையில் நீயும் நலமாயிருக்க துஆ கேட்கிறேன். வேலையை விட்டுவிட்டு வந்து வாப்பாவின் வித்தையை நடத்தட்டுமா என்று கேட்டிருந்தாய், அதற்குத்தான் இந்தப் பதில்.

வாப்பா மவுத்தான பிறகு ராணி யார் கேட்டாலும் காலைத் தட்டிக் கணக்குக்கு விடை சொல்லவில்லை, தட்டத் தொடங்கினால் நிறுத்தவும் இல்லை. ராயகிரி குதிரைவண்டிக்காரர் சௌந்தரபாண்டியன் வந்து, கணக்கெல்லாம் மாஸ்டரோடயே போயிட்டுக்கா, எங்கிட்டக் குடுங்க, வண்டியாவது இழுக்கட்டும் என்றார். வடமேற்கு எல்லைப்புறத்து மலையிலிருந்து குதிரைகளோடு வந்து, நாடு பிரிந்ததும் திரும்பிப் போக வழியில்லாமல் இங்கேயே தங்கியவர் உன் வாப்பா. எந்த ஊர்த் திருவிழாவிலும் கான் மாஸ்டர் வந்தாச்சா என்றுதான் முதலில் கேட்பார்கள். அவர் பழக்கிய குதிரையை வண்டியில் பூட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆடித் தபசுத் திருவிழாவில் ஒரு தடவை வித்தைக்கு நிறுத்திப் பார்க்கிறோம், சரிப்படாவிட்டால் ஓட்டிக்கொண்டு போங்கள் என்றேன்.

வாப்பா நமக்குக்கூடச் சொல்லாததை லாயத்திலேயே கிடந்த ஷரீபாதான் கண்டுபிடித்தாள். கேள்வி கேட்டதும் அவர் நிமிர்ந்து நிற்பார், அப்போது ராணி தட்டத் தொடங்கும், விடை வந்ததும் அவர் தலை லேசாகத் தாழும், அதைப் பார்த்து நிறுத்தும். ஆனால் இவளோ வகுப்பில் எழுந்து பதில் சொல்லக் கூசி எட்டாவதோடு நின்றவள், கூட்டத்தில் எங்கே தலை நிமிரப் போகிறாள் என்று எனக்குப் பயம். தபசன்று நினைத்தபடியே ஆனது. ஆறும் மூணும் எத்தன, சொல்லு பாப்போம் என்று ஒருவர் கேட்டார். இவள் குனிந்தே நின்றாள், ராணியும் அசையவில்லை. கணக்குக் குதிரையா, களிமண் குதிரையா வே என்று சிரித்தார்கள். சௌந்தரபாண்டியன் கயிற்றோடு கிட்டே வந்துவிட்டார். அப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், ஆனாலும் ஒன்பது தட்டும்வரை தலையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தியதும் ராணி நிறுத்தியது. நான் வேற குதிரை பாத்துக்கிடுதேன்க்கா என்று அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டார்.

ஆகவே நீ வேலையை விட வேண்டாம். அடுத்துத் திருவேங்கடம் ஊரில் வித்தைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்தவளை அதட்டித்தான் எழுத வைத்தேன். நேரத்துக்குச் சாப்பிடு, நனைந்த சட்டையோடு தூங்காதே. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு சொல்லி வைக்க மறந்துவிடாதே. அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் உம்மா,
மகபூப் பீவி

அண்ணனுக்கு ஷரீபா எழுதுவது: சிரித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நிமிர்ந்த பிறகுதான் பார்த்தேன், மற்றவர்கள் எல்லோரும் ராணியோடு சேர்ந்து விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.