சொன்ன பேச்சு கேட்காத காய்ச்சல்

என்னங்க,

குட்டிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. தூங்குகிறாள், எழுப்பாதீர்கள். கஞ்சி அடுப்பின் மேல் இருக்கிறது. எழுந்ததும் இளஞ்சூடாகக் கொடுங்கள். நான் தையல் கூடத்துக்குக் கிளம்புகிறேன்.

நேற்று ராத்திரி வேலைக்குப் போகும்போது, "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரும்மா" என்று அத்தையிடம் கத்திவிட்டுப் போனீர்கள். அவரோ குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் புகட்டினார். "அடம் பிடிச்சா பயமில்லைம்மா. சொன்ன பேச்சைக் கேட்டுக்கிட்டுச் சுருண்டு படுத்தாத்தான் டாக்டர்கிட்ட ஓடணும்" என்றார்.

விடியலில் ஜன்னல் திரை காற்றில் உப்பியது. அறையே மெல்ல மிதப்பதுபோல் இருந்தது. குட்டி கண் விழித்து, "பாட்டி, கப்பல் போகுது! என்னையும் ஏத்திவிடு" என்று காலை உதைத்து அழுதாள். அத்தை வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது.

ஆனால் அத்தை பையைக் கட்டிவிட்டார். மதிய பஸ்ஸில் ஊருக்குப் போகிறாராம். நான் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள்தான் பேச வேண்டும்.

பி.கு.: அத்தையின் செருப்பை நான் போட்டுக்கொண்டு போகிறேன். சாயங்காலம்வரை அவரால் எங்கும் போக முடியாது. அதற்குள் பேசிவிடுங்கள்.