கொசுறாய்ப் போன பக்கம்

மார்ச் 2

என் அக்கா பெற்ற பியானோப் புலிக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நான் சௌக்கியம், தையல் மிஷினும் சௌக்கியம். அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் ராட்சசப் பாட்டு ஒன்றை நீ மேடையில் வாசிக்கப் போவதாக அக்கா சொன்னாள். யாரோ பழைய காலத்து மேதை காதலில் தோற்று எழுதியதாமே. அதை வாசித்தவர்களில் பாதிப் பேருக்கு விரல் போய்விட்டது, மீதிப் பேருக்குப் புத்தி போய்விட்டது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இடுப்பில் டேப்பைச் சுற்றிய பிறகுதான் ஆரம்பிப்பேன். எவனும் பாதியில் ஓட முடியாது. எண்பத்தெட்டுக் கட்டையையும் நீ ஒரே நேரத்தில் அமுக்குவாய் என்றும் சொன்னேன். தப்பில்லையே? முன்வரிசை டிக்கெட் அனுப்பு.

உன் புகழ் பரப்பும்,
மாமன்

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

தப்புதான். யாருக்கும் விரல் போகவில்லை. எல்லாக் கட்டையையும் ஒரே நேரத்தில் அமுக்க, நான் என்ன பியானோமேல் படுத்து உருளப்போகிறேனா? நேற்று அரங்க மேலாளர், "விரலுக்கு இன்ஷூரன்ஸ் போட்டாச்சாம்மா?"ன்னு கேட்கிறார். அவர் உங்களிடம் பேன்ட் தைக்கக் கொடுத்திருக்கிறாராம்.

இந்தப் பாட்டில் இடிமுழக்கமெல்லாம் கைக்கு வந்துவிட்டது. என்னைப் படுத்துவது கடைசிப் பக்கம். எல்லாம் முடிந்ததுபோல ஒரு பெரிய முழக்கம், கொஞ்சம் நிசப்தம், அப்புறம் தூங்கும் குழந்தையின் அறைக்கதவைச் சாத்துவதுபோல ஒரே ஒரு பக்கம். ஒரு வருஷமாக அதற்குத்தான் உயிரை விடுகிறேன். அது காதில் விழவில்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் சத்தம். டிக்கெட் இதோடு வருகிறது. தயவுசெய்து வாயைத் திறக்காமல் உட்காருங்கள்.

உங்கள்,
அக்கா மகள்

ஏப்ரல் 21

வெற்றித் திருமகளுக்கு,

மாமன் மானத்தைக் காப்பாற்றிவிட்டாய். நீ சொன்னபடி நான் வாயே திறக்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய முழக்கத்தோடு நீ முடித்ததும் அரங்கமே பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது. எனக்குப் பொறுக்குமா? எழுந்து நின்று முதலில் கை தட்டியது நான்தான். என் தட்டு எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. பக்கத்திலிருந்த பத்திரிகைக்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார். அதற்குமேல் நீ பெரிய மனசு பண்ணி, மெதுவாக என்னவோ கொசுறு வேறு வாசித்தாய். நாற்காலிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, பரவாயில்லை. கடைசியில் என்னைப் பார்த்து ஏன் அப்படி முறைத்தாய்? பசியா?

பூரிப்புடன்,
மாமன்

மே 12

மாமா,

கோபம் ஆறட்டும் என்று இத்தனை நாள் எழுதவில்லை. ஆறவில்லை. நீங்கள் கொசுறு என்று எழுதியிருப்பதுதான் அந்தக் கடைசிப் பக்கம்.

அடுத்த மாதம் வேறொரு அரங்கில் அதே பாட்டு. உங்களை வரவேண்டாம் என்று எழுதினேன், கிழித்துப் போட்டேன். வரவேண்டாம் என்றால் வாசலில் நின்று தட்டுவீர்கள். அதனால் உங்கள் இடம் மேடையிலேயே, என் பக்கத்தில், வாசிப்பவருக்கு இசைப் புத்தகத்தைப் புரட்டிக்கொடுப்பவர் உட்காரும் நாற்காலியில். எதையும் புரட்ட வேண்டாம், எனக்கு மனப்பாடம். இசைப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். நான் எழுந்திருக்கும்வரை அதைக் கீழே வைக்கக் கூடாது.

இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிறோம் என்று கடையில் சொல்லிக்கொள்ளுங்கள். நான் மறுக்க மாட்டேன்.

அக்கா மகள்