சுவர் இல்லாத தண்ணீர்

17.6.96, திங்கள்

கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

நேற்று ஆழியாறு அணையில் ஒத்திகை. ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி மாநில ஜூனியர் டிரையத்லான் தேர்வு அங்கேதான். முக்கால் கிலோமீட்டர் நீச்சல், கரையேறி இருபது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். பெண்களில் முதல் இரண்டு பேருக்கு டீமில் இடம். முதுகில் தமிழ்நாடு என்று எழுதிய பனியன் கொடுப்பார்கள். அந்தப் பனியனுக்காக என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று நேற்றுக் காலை வரை நினைத்திருந்தேன்.

சைக்கிளும் ஓட்டமும் எனக்குப் பிரச்சினையே இல்லை. நீச்சலும் தெரியும். ஐந்து வயதில் மிதப்பதற்காக முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி அப்பா எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிட்டதிலிருந்து நீந்துகிறேன். ஆனால் கிணற்றுக்கு நாலு பக்கமும் சுவர். மூச்சு முட்டினால் கை நீட்டலாம், கல் கிடைக்கும். நேற்றும் கை நீட்டினேன். ஒன்றுமே இல்லை. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் மஞ்சள், அதற்குக் கீழே கறுப்பு. தலையைத் தூக்கிப் பார்த்தால் கரை நான் நினைத்த பக்கத்தில் இல்லை. அம்மா என்று கத்தினேன். மீன் பிடித்துக்கொண்டிருந்த பரிசல்காரர் ஒருவர் வந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்.

எங்கள் விளையாட்டு வாத்தியார் நரசிம்மலு சார் கரையில் ஓடி வந்து, "என்னாச்சு லோகு?" என்றார். வாய் தானாகச் சொன்னது: "கால் புடிச்சுக்கிச்சுங்க சார்."

18.6.96

அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. காலையில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். மத்தியானம் இரண்டு வாழைப்பழம். சாயங்காலம் நல்லெண்ணெயைச் சூடு பண்ணி முழங்காலிலிருந்து பாதம் வரை தேய்ப்பு. "நரம்பு எளகட்டும் கண்ணு" என்கிறார். பயத்துக்குத் தேய்க்க ஏதாவது எண்ணெய் இருந்தால் நானே கேட்டிருப்பேன்.

உண்மையைச் சொல்ல முடியாது. "ரோட்டுல ஓடு, சைக்கிள் ஓட்டு, நான் ஏதாச்சும் சொன்னனா? தண்ணி மட்டும் வேண்டாம் அம்மணி" என்றுதான் அம்மா ஆரம்பத்திலேயே சொன்னார். அப்பா ஒரு வாரம் பேசிச் சரிக்கட்டினார். இப்போது பயம் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது.

23.6.96, ஞாயிறு

கனவில் அணை. அதே மஞ்சள்.

7.7.96, ஞாயிறு

கிணற்றில் அறுபது சுற்று. மோட்டார் போட வந்த அப்பா மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "ஏங்கண்ணு, செக்கு மாடாட்டம் எப்பவும் இடப்பக்கமே சுத்தற?"

நான் கவனித்ததே இல்லை. வலப்பக்க மூலையில் மோட்டார் பைப் இறங்குகிறது. பாசி, துரு. அதைத் தொட்டுவிடக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே அதற்கு முன்பே வளைந்து இடது பக்கமாகத்தான் சுற்றியிருக்கிறேன். பதினோரு வருடம்!

அப்பா சிரித்துக்கொண்டே வாய்க்கால் மடையைத் திருப்பப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அணையில் கரை எப்படி இடம் மாறியது என்று இப்போதுதான் புரிகிறது. கரை அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான் சுவர் இருக்கிற நினைப்பில் வளைந்து வளைந்து அணையின் நடுவுக்குப் போயிருக்கிறேன். யாரும் வராமல் இருந்திருந்தால் அப்படியே சுற்றிக்கொண்டிருப்பேனா? எவ்வளவு நேரம்?

8.7.96

வலப்பக்கமாகச் சுற்றிப் பார்த்தேன். பைப் அருகே வந்ததும் கை தானாக மடங்குகிறது. ஏழு சுற்றோடு ஏறிவிட்டேன்.

20.7.96, சனி

பின்சக்கரம் கோணல். உக்கடம் ரசாக் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். என் சைக்கிளை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. மற்றவர்கள் தொட்டால் செயின் கழன்று நடு ரோட்டில் மானம் போகும். கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டே, "போட்டிக்கு நானும் வாரேன் பாப்பா. உங்க சார் வாலண்டியரா வரச் சொல்லியிருக்காரு. பஞ்சர் ஒட்டறதுக்கு" என்றார்.

அவர் கடைக்கு எதிரே பெரிய குளம். பேசி முடிக்கும்வரை அதற்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன்.

2.8.96, வெள்ளி

ஆடிப் பதினெட்டு. மேட்டுப்பாளையம் போய் பவானி ஆற்றில் கும்பிட்டோம். நுங்கும் நுரையுமாகத் தண்ணீர். அம்மா மஞ்சள், பூ, காப்பரிசி எல்லாம் வைத்து, வாழை மட்டையில் விளக்கேற்றி விட்டு, "என்ற புள்ள கால் புடிக்காம கரையேறோணும் தாயே" என்று சத்தமாகவே வேண்டினார்.

நான் வேண்டியது வேறு. போட்டி நடக்கக் கூடாது. வெள்ளம் வரட்டும், பஸ் ஸ்டிரைக் வரட்டும், எனக்கு அம்மை போட்டாலும் சரி. பனியன் வேண்டும், போட்டி வேண்டாம். எந்தச் சாமி இதற்கு ஒத்துக்கொள்ளும்?

10.8.96, சனி

தேஜஸ்ரீக்குத் தெரிந்திருக்கிறது.

மில்லுக்காரர் வீட்டுப் பெண், அவளும் தேர்வுக்கு வருகிறாள். கிளப் நீச்சல் குளத்தில் கோடு போட்ட மாதிரி நேராக நீந்துவாள். துடியலூர் வரை சேர்ந்து சைக்கிள் ஓட்டிவிட்டு இளநீர்க் கடையில் நின்றோம். சாதாரணமாகச் சொன்னாள்: "அன்னிக்குப் பரிசல்ல இருந்து நீயே குதிச்சு எறங்கி நடந்து வந்தே லோகு. கால் புடிச்சவங்க அப்படி நடக்க மாட்டாங்க."

இளநீரை வைத்துவிட்டு, "யாருகிட்டயாச்சும் சொன்னியா?" என்றேன். "நான் எதுக்குச் சொல்றேன்? நீயே சாரைக் கேட்டுப் பாரு. நம்மளை விட்டுட்டா போயிருவாங்க? போட் நிக்குமில்ல" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதனாலேயே அவளைப் பிடிக்கவில்லை.

12.8.96

சாரிடம் ஒன்று மட்டும் கேட்டேன், படகில் யார் இருப்பார்கள் என்று. "நல்ல ஆளுகளாத்தான் போடுவோம்" என்றார். பிறகு விரலை நீட்டி, "ஆனா ஒண்ணு. போட்டைத் தொட்டீன்னா அவுட். ஞாபகம் வெச்சுக்க" என்றார்.

தொட்டால் அவுட்டாம். தொடாவிட்டால்?

17.8.96, சனி, பொள்ளாச்சி

ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் போட்டுப் படுக்கை. அம்மாவும் அப்பாவும் காலையில் நேராக அணைக்கு வருகிறார்கள். அம்மா உப்பு பாட்டில் கொண்டுவருவார்.

ஓடிப் போய்விடலாமா? எங்கே? ஓடுவதில் மட்டும் கெட்டிக்காரி.

18.8.96

உயிரோடு இருக்கிறேன். தூங்கப் போகிறேன்.

19.8.96, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

இருபத்திரண்டு பேர் ஒன்றாக இறங்கினோம். ஆரஞ்சு பெயின்ட் அடித்த பீப்பாய்கள் மூன்று மிதந்தன, அவற்றைச் சுற்றி வர வேண்டும். முதல் பீப்பாய் வரை கூட்டம் இருந்ததால் மற்றவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே போய்விட்டேன். அதற்கு மேல் கூட்டம் முன்னால் போய்விட்டது. நான், மஞ்சள், கறுப்பு.

பத்து கை வீசினால் ஒரு தடவை தலையைத் தூக்கு, வலப்பக்கம் திருத்து — இதை மந்திரம் மாதிரி உருப்போட்டு வைத்திருந்தேன். மூச்சு ஏறினதும் எல்லாம் மறந்துபோச்சு. எத்தனை கைன்னே தெரியல. தலையைத் தூக்கினேன். பீப்பாயைக் காணோம். மலைதான் தெரிஞ்சுது. மறுபடியும் வளைஞ்சு வந்துட்டேன். மறுபடியும்! காலுக்குக் கீழே எவ்வளவு ஆழம்? நூறடியா? சட்டைக்குள்ள காத்துப் புகுந்து முதுகுல கூடாரமா நிக்குது. வாயில தண்ணி.

அப்போது காவலுக்கு நிறுத்தியிருந்த ஒரு பெடல் படகு தெரிந்தது. சுற்றுலாக்காரர்கள் மிதிப்பார்களே, அது. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். அவுட். தெரியும். போகட்டும். உயிர் இருந்தால் போதும். மேலே ஏறப் பார்த்தேன். படகு சாய்ந்தது.

"பாப்பா, பாப்பா, ஆட்டாத! ஆட்டாத பாப்பா!"

நிமிர்ந்தால் ரசாக் பாய். தனியாக உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு. முகத்தில் ரத்தமே இல்லை.

"பாய், என்னைத் தூக்குங்க. பயமா இருக்குங்க" என்றேன். அம்மாவிடம் சொல்லாதது, சாரிடம் சொல்லாதது, இவரிடம் வந்துவிட்டது.

"எனக்கும் பயமா இருக்கும்மா. எனக்கு நீச்சல் தெரியாது."

எனக்குப் புரியவில்லை. "பின்ன எதுக்குங்க இங்க வந்தீங்க?"

"ஒரு ஆள் கொறையுதுன்னு உங்க சார் தள்ளிவிட்டுட்டாரு. பெடல்தானே, சைக்கிள்காரருக்குத் தெரியாதான்னாரு. நான் எப்படி மாட்டேங்கறது?" அழுதுவிடுவார் போலிருந்தது. "நீ ஏறினா கவுந்துரும். அல்லா மேல ஆணையா சொல்றேன், கவுந்துரும். நீ விட்டுரு பாப்பா. இல்லைன்னா நகராம புடிச்சுட்டே இரு. ஆட்ட மட்டும் வேண்டாம்."

என்னைக் காப்பாற்ற வைத்த ஆளின் உயிர் என் கையில் இருந்தது! படகு கவிழ்ந்தால் அவரை நான்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தத் தண்ணீரில், எங்கள் இரண்டு பேரில், நீச்சல் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பயத்துக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கில் தண்ணீர் ஏறிச் சிரித்து இருமினேன்.

மூச்சு அடங்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன்: "பீப்பாய் எந்தப் பக்கமுங்க?" அவர் ஒரு கையைக்கூட எடுக்கவில்லை. தாடையால் காட்டினார். "உன்ற சோத்துக்கைப் பக்கம்."

விட்டேன். பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். ஒவ்வொரு கை வீசும்போதும் இருந்தது. அவுட்டாகிவிட்டோம், இனி ஜெயிக்க ஒன்றுமில்லை, அவரைப் பயப்படுத்தாமல் கரைக்குப் போனால் போதும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு, தவளை மாதிரி தலையை வெளியே வைத்தே நீந்தினேன். கடைசிக்கு முந்தினவளாகக் கரையேறி மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

சார் கத்திக்கொண்டே ஓடி வந்தார். "ஏன் உக்காந்துட்ட? சைக்கிளை எடு!"

"போட்டைப் புடிச்சுட்டனுங்க சார். அவுட்டுங்க."

பக்கத்தில் நின்ற சென்னை நடுவர், "பிடிக்கலாம்மா. பிடிச்சுக்கிட்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். போ, போ" என்றார். சாரின் முகத்தைப் பார்க்க நேரமில்லை. ரசாக் பாய் சரி பண்ணின சக்கரம் பறந்தது. சைக்கிளில் ஒன்பது பேரைத் தாண்டினேன். ஓட்டத்தில் இன்னும் சிலரை. பெண்களில் மூன்றாவது. ஈரோட்டுப் பெண் முதல், தேஜஸ்ரீ இரண்டாவது. கடைசி வளைவில் அவள் முதுகு கிட்டத்திலேயே தெரிந்தது. எட்ட முடியவில்லை.

மூன்றாவது ஆள் ரிசர்வ். ரிசர்வுக்குப் பனியன் கிடையாது.

அம்மா துண்டோடு வந்தார். உப்பு பாட்டிலைத் திறந்துகொண்டே, "கால் புடிக்கலையே சாமி?" என்றார்.

"எனக்கு எப்பவுமே கால் புடிச்சதில்லீங்கம்மா. பயமுங்க. தண்ணியில எனக்குப் பயமா இருக்குங்க."

அம்மா பாட்டிலை மூடினார். வேனில் பாதி வழியில்தான் கேட்டார்: "அப்ப நான் ரெண்டு மாசமா எதுக்கு எண்ணெய் தேச்சேன்?" நான் அவர் மடியில் தலை வைத்துக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

20.8.96

அப்பா கேட்டார்: "விட்டுப்போடலாமா கண்ணு? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

இதைத்தானே ஆடிப் பதினெட்டில் கேட்டேன். இப்போது தானாகவே கிடைக்கிறது. ஆமாங்க என்று சொன்னால் போதும்.

"ஞாயித்துக்கெழமை என்னை அணைக்குக் கூட்டிட்டுப் போறீங்களாப்பா?" என்றேன்.

25.8.96, ஞாயிறு

போனோம். அப்பா பரிசலில் பக்கத்திலேயே வந்தார். பாதியில் ஏறிவிட்டேன்.

8.9.96, ஞாயிறு

முக்கால்வாசி. ஏறவில்லை, பிடித்துக்கொண்டேன்.

22.9.96, ஞாயிறு

ரசாக் பாய் வீட்டுக்கு வந்திருந்தார். உக்கடத்திலிருந்து எங்கள் பெரியநாயக்கன்பாளையம் வரை பஸ்ஸில், தோளில் காற்றடித்த லாரி டியூபோடு. கண்டக்டர் டியூபுக்கும் டிக்கெட் கேட்டாராம். "அடுத்த வருசமும் உங்க சார் என்னைத்தான் போட்ல ஏத்துவாரு. அதுக்குள்ள கத்துக் குடுத்துரு பாப்பா" என்றார்.

நம்ம கிணற்றிலா என்று அப்பாவின் காதோரம் அம்மா கேட்டது என் காதிலும் விழுந்தது. "அன்னிக்கு நம்ம புள்ளகூடத் தண்ணிக்குள்ள இருந்தது அவருதான்" என்றார் அப்பா. அம்மா உள்ளே போய் ஒரு பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

படியில் இறங்கவே பாய்க்கு வெகு நேரம் ஆனது. டியூபுக்குள் இருந்துகொண்டும் சுவரை விடவில்லை. கல் இடுக்கில் விரலை நுழைத்துக்கொண்டு ஓரமாகவே நகர்ந்தார். நாற்பது வயது ஆள், பல் தந்தியடித்தது. நான் கிணற்றின் நடுவில் நின்று நீந்திக்கொண்டு கையை நீட்டினேன்.

"சுவரை விட்டுட்டு வாங்க பாய்."

"பயமா இருக்கு பாப்பா."

பயப்படாதீங்க என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை.

"எனக்கும் இருக்குதுங்க. வாங்க."

கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விட்டார்.