சம்பந்தி வீட்டு நெய்

2-2-1964

வீரபாண்டி அர்த்தநாரி பனியன் கம்பெனியின் தலைமை ஃபிட்டரும், கம்பெனி முதலாளியம்மா சென்னம்மாளின் ஒரே தம்பியும், நெய் உண்பதில் மூவுலகிலும் நிகரற்றவனுமாகிய வெள்ளியங்கிரி இன்று நெய்யின்மேல் போர் தொடுத்தான்.

காரணம் என் மச்சான், அக்காள் புருசன். போன வாரம் அவருக்கு வாய் கோணிப் பேச்சுக் குழறியது, வலது கை மரத்துப்போனது. பொழுது சாய்வதற்குள் சரியாகிவிட்டது. "இது எச்சரிக்கை. அடுத்தது இப்படி விட்டுட்டுப் போகாது" என்றார் டாக்டர். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை. நெய், வெண்ணெய், எருமைப் பாலாடை எல்லாவற்றுக்கும் நாடு கடத்தல்.

மச்சான் இலையில் நெய் தெப்பக்குளமாக நிற்கும், பருப்பு அதில் பரிசல் விடும். அக்காளுக்கு டாக்டர்மேல் நம்பிக்கையே இல்லை.

"நெய் திங்காட்டி நரம்பு காஞ்சுபோகாதாடா?"

"ஏனக்கா, மிஷினுக்கு எண்ணெயைக் கொடங்கொடமா ஊத்துனா ஓடுமா, நிக்குமா?"

முறைத்தாள். ஆனால் நெய்ச்சட்டியை உறியிலிருந்து இறக்கிவிட்டாள்.

5-2-1964

மச்சான் வெறும் ரசஞ்சோறு உண்டார். நாடிழந்த ராசாவின் முகம். "மாப்ள, இதுக்கு மாடாப் பொறந்து தவுடு தின்னுருக்கலாம்." பேசட்டும். பேச்சு நேராக வருகிறதே, அது போதும்.

11-2-1964

சொந்தபந்தமெல்லாம் நோவு பார்க்க வருகிறது. எங்கள் பக்கம் யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். எருமை கட்டிய வீடென்றால் தூக்குப்போசி நிறைய நெய். கொண்டுவந்தவர் கண்முன்னே நோவாளி ஒரு வாய் உண்ண வேண்டும். மறுத்தால் ஏழு தலைமுறைக்குப் பகை. ஆகவே வாசலில் நான், நெய்க்காவல் தளபதி. "நான் குடிச்சா மச்சான் குடிச்ச மாதிரிங்க" என்று ஒவ்வொரு போசியிலும் ஒரு கரண்டி குடித்துக் காட்டுகிறேன். சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். அமராவதி அணைக்கு இன்னொரு மதகு வேண்டுமென்றால் என் வயிற்றில் வைக்கலாம்.

16-2-1964

தளபதி தோற்றான்.

நெருப்பெரிச்சல் ஊரிலிருந்து சம்பந்தி அப்புசாமியும் அவர் சம்சாரம் மாரக்காளும் வந்தார்கள். மச்சானின் ஒரே மகள் பழனாத்தாளை ஆவணியில்தான் அவர்கள் மகனுக்குக் கட்டிக்கொடுத்தோம். என் வித்தையைக் காட்டப் போனேன்.

"நவுருங்க. நோவு உங்களுக்கா வந்துச்சு?" என்றாள் மாரக்காள். சோற்றின்மேல் தன் கையாலேயே ஊற்றினாள். பழனாத்தாள் மாமியாருக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றாள். மச்சான் மகளை ஒருமுறை பார்த்தார். பிசைந்து தின்றார்.

அவர்கள் போனதும் கத்தினேன். அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "பொண்ணு அங்க வாழோணும், மாப்ள."

1-3-1964

போன ஞாயிறும் வந்தார்கள், இன்றும். "போன போசி தீந்துதுங்களா?" என்று அடுப்படிவரை போய்ப் பார்த்தாள் மாரக்காள்.

டாக்டரிடம் ஓடினேன். "ஒரு போசியில வர்றதில்லைங்க. நாப்பது வருசமா ரத்தக் குழாயில சேர்ந்தது. இனிமேலாவது சேர்க்காதீங்க. சம்பந்திகிட்ட நேராச் சொல்லிடுங்களேன்" என்றார்.

யார் சொல்வது? இந்திரன் சபையிலும் வாயாடக்கூடிய எனக்கே நாக்கு எழவில்லை. பெண் கொடுத்த வீடு.

10-3-1964

விழுந்துட்டார். நூல் பெட்டி மேலயே — நான் மிஷினை நிறுத்திட்டு ஓடறதுக்குள்ள — என்னமோ சொல்ல வந்தார், வரல. வரவே இல்ல. நெய்யாலதானான்னு டாக்டரைக் கேட்டேன். அப்படியும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அதை யாருகிட்டப் போய்க் கேக்கறது?

29-3-1964

ஆஸ்பத்திரியிலிருந்து மச்சானை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலது பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும். பழனாத்தாள் அப்பனைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள்.

5-4-1964

இன்றும் போசி வந்தது. "கைகால் விழுந்தவிகளுக்கு நெய் போனாத்தான் நரம்பு முறுக்கேறும்" என்று மாரக்காள் கஞ்சிக்கு மேலே சாய்த்தாள். பழனாத்தாள் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். நெய் தரையில் கொட்டியது.

"வேண்டாமுங்க அத்தை."

"என்ன கண்ணு?"

"எங்கப்பனுக்கு இது ஆகாதுங்க. டாக்டர் அன்னைக்கே சொல்லீட்டாருங்க. உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் தின்னாருங்க."

மாரக்காள் போசியை மூடினாள். "அப்ப எங்கூட்டு நெய்யிதான் உங்கப்பனைச் சாச்சுப்போட்டுதாக்கும்?"

படுக்கையில் மச்சான் இடது கையை ஆட்டி ஆட்டி மகளைத் தடுக்கப் பார்த்தார். அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இவ இங்கயே இருக்கட்டுமுங்க. நாங்களே வந்து கூட்டிக்கறோம்."

17-5-1964

தெருமுனையில் வண்டிச் சத்தம். சம்பந்தி வீட்டு வண்டியென்று அக்காள் வாசலுக்கு ஓடினாள். நூல் இறக்க வந்த வண்டி. பழனாத்தாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"மாமா, நாளைக்கிருந்து கம்பெனிக்கு வர்றனுங்க. பனியன் மடிக்கிறது கத்துக்குடுங்க" என்றாள். இதற்கும் ஒரு வேடிக்கை சொல்லலாம் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. சரி என்றேன்.

மத்தியானம் மச்சான் "பழ" என்றார். மிச்சம் வரவில்லை. அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "இங்கதான் இருக்கறனுங்கப்பா" என்றாள்.