போன வருஷத்து ரிப்போர்ட்

என்னங்க,

எனக்கு ஆறு மணி ஷிப்ட். உங்களை எழுப்ப மனசு வரலை. உருளைக்கிழங்கைப் பொட்டாசியம் போக ரெண்டு தடவை தண்ணி வடிச்சுத்தான் சமைச்சிருக்கேன், பயப்படாம சாப்பிடுங்க. உப்பு இல்லைன்னு தட்டைத் தள்ளிடாதீங்க. பாட்டில்ல இருக்கிற தண்ணிதான் இன்னிக்குப் பூரா. பத்து மணிக்கு உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக என் தம்பி வண்டியோட வருவான். வீட்டைப் பூட்டிச் சாவியை அவன்கிட்ட குடுங்க.

கிட்னி கெட்டவங்களுக்கு ரத்தத்துல பார்க்கிற அந்த இதய டெஸ்ட் எப்பவும் கொஞ்சம் கூடவே காட்டலாம், பழைய ரிப்போர்ட்டோட வச்சுப் பார்த்தாத்தான் புதுசா ஏதும் ஆகுதான்னு தெரியும்னு நேத்து டாக்டர் சொன்னார்ல? "அதையும் தொலைச்சாச்சா?"ன்னு அவர் முன்னாடியே உங்களைப் பார்த்துக் கத்தினேன். வீட்டுக்கு வந்து நீங்க சாப்பிடவே இல்லை.

நீங்க தொலைக்கலைங்க. என் தையல் பெட்டியில, பட்டன் டப்பாவுக்கு அடியில இருக்கு. போன வருஷம் அந்த நம்பரைப் பார்த்துப் பயந்து நான்தான் ஒளிச்சு வச்சேன். எல்லாம் நல்லா இருக்குன்னு உங்ககிட்ட சொன்னது பொய். மறக்காம எடுத்துட்டுப் போங்க.

இடம் இல்லை, ஓரத்துல எழுதறேன். அந்த டெஸ்ட் நம்பர் அப்போ நாற்பத்தொண்ணு, இப்போ நாற்பத்திமூணு. நல்லதா கெட்டதான்னு டாக்டர்தான் சொல்லணும். ஒரு வருஷமா தனியா சுமந்து அலுத்துப்போச்சு எனக்கு.

இன்னொண்ணு. எங்கே இருந்ததுன்னு டாக்டர் கேட்டா, நான்தான் எங்கயோ வச்சு மறந்துட்டேன்னு பழியை நீங்களே ஏத்துக்குவீங்க. வேண்டாம். என்னையே சொல்லுங்க.