ஹரிஷ் மேல் கேஸ் போட வேண்டாம்

மர்பி டவுன்,
பெங்களூர்.
14 செப்டம்பர் 2025, ஞாயிறு.

அன்பு மகள் வீணாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை நரேஷும் குட்டி யுவனும் அந்த மஸ்கட் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, போன வாரம் சுகர் பார்த்தேன், ஏறவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், என்ன சாப்பிட்டேன் என்று நீ கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் அங்கிளின் மருமகன் லாயிட் வியாழக்கிழமை மஸ்கட்டுக்கு வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல நாலு தடவை ஆரம்பித்தேன், நாலு தடவையும் யுவனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன், பாதியில் நிறுத்தாமல் முழுக்கப் படித்துவிடு.

சோலார் போட்ட ஹரிஷ் மேல் கன்ஸ்யூமர் கோர்ட்டில் கேஸ் போடணும், பேப்பரெல்லாம் எடுத்து வைங்கப்பா என்று நாலு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். கேஸ் போட வேண்டாம் வீணா. அந்தப் பையன் மேல் தப்பு இல்லை. ஏன் இல்லை என்பது முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். அம்மா முப்பது வருஷம் வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டினாள், அந்தத் தூள்தான் நுரையீரலைக் கெடுத்திருக்கும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். போன வருஷம் ஆகஸ்டில் ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. அது ராத்திரி பகல் ஓட ஆரம்பித்ததும் மாசம் எழுபது யூனிட் எரித்துக்கொண்டிருந்த வீடு முந்நூற்றி இருபதுக்குப் போய்விட்டது. இருநூறு யூனிட் வரைக்கும் அரசாங்கத்தின் இலவசக் கரண்ட் இருந்ததால் பில் என்றாலே என்னவென்று மறந்துபோன வீடு நம்முடையது, இருநூறைத் தாண்டினதும் முழுப் பில்லும் நம் தலையில் விழுந்தது, இரண்டாயிரத்து அறுநூறு. பென்ஷன் வாங்குகிறவனுக்கு மாத்திரைச் செலவுக்கு மேல் அது பெரிய தொகை. நீதான் சோலார் போடச் சொன்னாய். ஹரிஷ் வந்து மாடியை அளந்தான், மூணு கிலோவாட், ஆறு பேனல், ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம், அதில் எழுபத்தெட்டாயிரம் மத்திய அரசு மானியமாகத் திரும்ப வரும் என்றான், மானியம் உன் அம்மா கணக்குக்குச் சரியாகவே வந்தது. மீதியை நீ அனுப்பினாய். மாசம் இரண்டாயிரத்து அறுநூறு மிச்சம் என்றால் போட்ட பணம் நாலு வருஷத்துக்குள் திரும்பிவிடும் என்று நான் காலண்டர் பின்னால் எழுதி அம்மாவிடம் காட்டினேன். அவள் மூக்கில் குழாயோடு அதைப் பார்த்துவிட்டு, "நாலு வருஷமா? நான் இருந்து மெஷின் ஓடினாத்தானே இந்த லாபம், அதுக்காகவாவது இருக்கணும் போலக்கீதே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மாடியில் துணி காயப்போடுகிற கொடி போய்விட்டதே என்பதுதான் அவளுக்கு வருத்தம்.

இப்போது உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். வேலை ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் ஹரிஷ் வாசலில் நின்று என்னிடம் தெளிவாகச் சொன்னான். "அங்கிள், இது லைன் கரண்டோட சேர்ந்து ஓடுற சிஸ்டம், கரண்ட் போனா வெயில் எவ்ளோ இருந்தாலும் இதுவும் தானா நின்னுடும். லைன்ல வேலை செய்றவங்களுக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னு அப்படித்தான் வச்சிருக்காங்க. ஆன்ட்டி மெஷின்ல இருக்காங்க, பேட்டரி வச்சதா போடுங்க, ஒரு லட்சம் ஜாஸ்தி ஆகும், இல்லன்னா சாதா யுபிஎஸ்ஸாவது வாங்கி வைங்க, இருபத்தஞ்சாயிரத்துல முடிஞ்சுடும்" என்றான். நான் இரண்டும் வேண்டாம் என்றேன். பணம் இல்லாமல் இல்லை வீணா. டிப்போவில் ரிட்டயர் ஆனபோது வந்ததில் ஒன்றரை லட்சம் அப்போதும் பாங்கில் டெபாசிட்டில் கிடந்தது, இப்போதும் கிடக்கிறது. நாலு வருஷக் கணக்கு அஞ்சாகிவிடும், ஏழாகிவிடும் என்று பார்த்தேன். நம் ஏரியாவில் கரண்ட் போனால் அரை மணியில் வந்துவிடும், சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று இருக்கிறது, அது போதும் என்று நினைத்தேன். இதை உனக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. சொன்னால் நீ உடனே பணம் அனுப்புவாய் என்று தெரியும்.

மே மாசம் அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்கு முனையில் இருக்கிற டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போனது. மெஷின் கத்திவிட்டு நின்றது. சிலிண்டரை மாட்டினேன். நல்ல வெயில், ஜன்னல் வழியாகப் பார்த்தாலே கண் கூசியது. ஓஸ்வால்ட் அங்கிள் வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா மேலே கையைக் காட்டி, "இன்னாங்க, இப்டி வெயில் காயுது, இது ஏன் நின்னுபோச்சு?" என்று கேட்டாள். நான், "ஏதோ ரிப்பேர் போலக்கீது, ஹரிஷுக்குப் போன் போட்டுக்கீறேன்" என்றேன். போன் போடவில்லை. ஒரு மணிக்குச் சிலிண்டரில் முள் இறங்கினதும் ஓஸ்வால்ட் அங்கிளை அங்கே உட்காரவைத்துவிட்டு ஆட்டோ பிடித்து சிவாஜிநகர் போனேன், அங்கே ஒரு கடையில் சிலிண்டர் கிடைத்தது, திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டி நகரவே இல்லை. வீட்டுக்கு வந்தபோது இரண்டரை. பழைய சிலிண்டர் இரண்டு மணிக்கே முடிந்துவிட்டிருந்தது. ஓஸ்வால்ட் அங்கிள் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தார், அம்மா அவர் தோளில் சாய்ந்திருந்தாள், உதடு நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், மூணாம் நாள் போய்விட்டாள். நீ வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. யுபிஎஸ் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதுங்க, நுரையீரல் ஏற்கெனவே போயிடுச்சு, எப்படியும் மழைக்காலம் தாண்டியிருக்க மாட்டாங்க" என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரோ உண்மையோ தெரியவில்லை. மழைக்காலம் வரைக்கும் என்றாலும் இரண்டு மூணு மாசம் இருக்கிறது. நாலு மாசமாக எனக்கு மனசில் எதுவும் உறைப்பதில்லை. விளக்குப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பது யாராவது வந்து சொன்னால்தான் தெரிகிறது.

ரிப்பேர் என்று நான் சொன்னதை ஓஸ்வால்ட் அங்கிள் காதால் கேட்டவர், காரியத்தன்று அவர்தான் உன்னிடம் சொன்னார். நீ ஹரிஷுக்குப் போன் போட்டுத் திட்டினாய். அங்கிள்கிட்ட முன்னாடியே சொன்னேன் மேடம் என்று அவன் சொல்கிறானே, பொய்தானேப்பா என்று என்னிடம் வந்து கேட்டாய். ஞாபகம் இல்லை என்றேன். ஞாபகம் இருந்தது, அவன் போட்டிருந்த சட்டைகூட ஞாபகம் இருந்தது. நீ அவனைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதினதைப் பார்த்து நம் தெருவிலேயே இரண்டு வீட்டில், ரேஷன் கடை சின்னப்பாவும் தையல்கார சோனியாவும், அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதைக் கேட்டும் நான் பேசாமல் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஹரிஷ் தானாகவே வந்தான். நான் கூப்பிடவில்லை. மேலே ஏறிப் பேனலெல்லாம் தண்ணி ஊற்றித் துடைத்தான், புறா எச்சம் காய்ந்து கிடந்ததாம். கீழே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "ஆன்ட்டிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருக்கணும் அங்கிள், உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிட்டேன், என்மேலயும் தப்புதான்" என்றான். நான் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அவன் போனபிறகு சட்டையை மாட்டிக்கொண்டு சின்னப்பா வீட்டுக்கும் சோனியா வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். சோனியா மெஷினில் தைத்துக்கொண்டே கேட்டாள். சின்னப்பா மறுபடி அவனிடமே போடுவதாகச் சொன்னார். கடைசியாக ஓஸ்வால்ட் அங்கிளிடம் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான், "மங்களத்துக்குத் தெரியுமா?" அம்மாவுக்குத் தெரியாது என்றேன். அதற்கப்புறம் மூணு நாள் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் வந்து உட்கார்ந்து கிரிக்கெட் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

நரேஷின் அண்ணன் ஆனேக்கலில் கட்டுகிற வீட்டுக்குச் சோலார் போடப் போவதாகச் சொன்னாயே, தாராளமாகப் போடட்டும், நல்லதுதான், பணமும் திரும்பி வரும். ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும் என்பதை வீட்டில் இருக்கிற எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போடச் சொல். இங்கே எனக்கு மாசம் ஐம்பது யூனிட்கூட ஆவதில்லை, மிச்சமெல்லாம் லைனுக்குப் போகிறது, யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் சொச்சம் கொடுக்கிறார்கள், நிலைக்கட்டணம் கழித்து இருநூறு ரூபாய் போல வரவாக வருகிறது. நீ வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. யுவனை ஏசியில் நேராகப் படுக்கவைக்காதே, அவனுக்குச் சளி பிடிக்கிற உடம்பு.

இதோடு ஒரு பத்திரம் வைத்திருக்கிறேன். மீட்டரும் வீடும் அம்மா பெயரில் இருக்கிறது, என் பெயருக்கு மாற்ற மகள் என்கிற முறையில் உன் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு அந்தக் கையெழுத்தை உன்னிடம் வாங்க எனக்கு மனசு வரவில்லை. படித்தபிறகு போடலாம் என்று தோன்றினால் போட்டு அனுப்பு. தோன்றாவிட்டால் அப்படியே வைத்துக்கொள், அப்பா கேட்க மாட்டேன். என்னோடு கொஞ்ச நாள் பேசாமல் இருக்க வேண்டுமென்றால் இரு, அதுவும் சரிதான், குழந்தையை மட்டும் ஒரு தடவை போனில் காட்டு. ஹரிஷுக்கு மட்டும் இந்த வாரமே மறக்காமல் பேசிவிடு. நீங்கள் மூணு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அம்மா இருந்தால் என்னென்ன சொல்லி வாழ்த்துவாளோ அதையும் சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கணேசமூர்த்தி