நிரம்பி வழியட்டும் உன் மெயில் பெட்டி

என் உயிரான கமலாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு நான் கடிதம் எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நீயே சிரித்திருப்பாய். எழுதுகிற வேலை உன்னுடையது, ஓட்டோ ஓட்டுகிற வேலை என்னுடையது என்று பதினாறு வருடம் வாழ்ந்துவிட்டோம். ஆனால் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? மாத்தளையில் உன்னைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

நான் இன்னும் ஓட்டோவோடு அலுவிகாரைச் சந்தியில்தான் நிற்கிறேன். நம் மகள் சுதா நன்றாகப் படிக்கிறாள். சமையலில் உன்னைப் போலவே உப்பைக் கூட்டிப் போடுகிறாள், சொன்னால் உன்னைப் போலவே கோபித்துக்கொள்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன மறுநாள் காலையில் பேச்சியம்மா வந்து வாசலில் நின்றார். தெரியும்தானே, தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில் வரிசை வீட்டில் இருக்கிற பேச்சியம்மா. கொழுந்து பறிக்கப் போகாமல் நேராக வந்திருந்தார். அவர் மகன் தினேஷ் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான் அல்லவா? பொலிஸ் சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துவிட்டார்களாம். கையில் அடையாள அட்டை இல்லை. அதற்கு விண்ணப்பம் போட்டபோது கொடுத்த பிறப்புச் சான்றிதழ் எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது.

“கமலா புள்ள அத மிசின்ல வச்சிப் படம் புடிச்சிச்சு தம்பி. கடுதாசி தொலஞ்சாலும் இதுல இருக்கும், பயப்படாதீங்கன்னு சொல்லிச்சு. அது எங்க இருக்குன்னு பாத்துக் குடுங்க” என்றார்.

எனக்கு என்ன தெரியும்? கொமியுனிகேஷன் கடையில் வேலை முடிந்த பிறகு நீ தோட்டத்து ஆட்களின் காகிதங்களை ஸ்கேன் செய்வாய் என்று தெரியும். ஏன் செய்கிறாய் என்றும் தெரியும். கலவரத்தில் மாத்தளைக் கடைத்தெரு எரிந்தபோது காகிதங்கள் இருந்த உன் அப்பாவின் டிரங்குப் பெட்டியும் எரிந்தது. நீ பிறந்தாய் என்பதை நிரூபிக்கவே சாட்சி தேடி வருடக்கணக்கில் அலைந்தவள் நீ. ஆனால் அந்தப் படங்களை எங்கே வைத்தாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏன் கேட்காமல் இருந்தேன் கமலா?

அன்றைக்கே தினேஷ் வேலை செய்த ஹோட்டலுக்கு போன் போட்டேன். அவன் அங்கேதான் வேலை செய்கிறான் என்று மெனேஜர் ஒரு கடிதம் எழுதி, தினேஷ் முன்பே கொடுத்து வைத்திருந்த உன் ஈமெயிலுக்கு இரண்டு தடவை அனுப்பினாராம். இரண்டு தடவையும் பெட்டி நிறைந்துவிட்டது என்று திரும்பிப் போனதாம்.

நீ வேலை செய்த ரியாஸ் நானாவின் கடைக்குப் போனேன். உன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பாஸ்வேர்ட் நம் ஓட்டோ இலக்கம்தான் என்று நீ ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னது நல்லதாய்ப் போயிற்று. பெட்டி திறந்தது. மேலே சிவப்பு எழுத்து.

“பெட்டி நெறஞ்சி போச்சி ராஜு. பழசுகள அழிச்சாத்தான் புதுசு உள்ளுக்கு வரும்” என்றார் நானா.

ஓட்டோவை ஓரங்கட்டிவிட்டு இரண்டு காலை உட்கார்ந்து அழித்தேன். பத்துப் பேருக்கு அனுப்பினால் பாக்கியம் கிடைக்கும் என்கிற சாமிப் படங்கள், லொத்தர் விழுந்திருக்கிறது என்கிற பொய்கள், யார் யாரோ அனுப்பிய பகிடிகள். ஆயிரத்துக்கும் மேலே இருக்கும். கை வலித்தது. சிவப்பு எழுத்து அசையவில்லை.

நானா வந்து பார்த்தார். அழித்ததெல்லாம் குப்பைக்கூடை மாதிரி ஓர் இடத்தில் கிடந்தது. கூடையும் அதே பெட்டிக்குள்தானாம். அதையும் கொட்டினேன். அப்போதும் சிவப்பு. வெளியே வந்து மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். அப்போதும் சிவப்பு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கொம்பியூட்டரைத் தூக்கிச் சுதுகங்கையில் போட்டிருப்பேன். ஒரு தாய் மகனைக் காணாமல் நிற்கிறாள், இது இடமில்லை இடமில்லை என்கிறது!

மூன்றாம் நாள்தான் இடப்பக்கத்து வரிசையைப் பார்த்தேன். நான் அழித்துக்கொண்டிருந்தது முன்வாசலை மட்டும்தான். உள்ளே அறை அறையாகப் பிரித்து வைத்திருந்தாய். மேல் லயம், கீழ் லயம், ஆற்றோரத்து லயம் என்று ஆங்கில எழுத்தில் பெயர் போட்டிருந்தாய். ஒவ்வோர் அறையிலும் ஆட்கள். பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பிரஜாவுரிமைக் காகிதம். நான் அழித்த ஆயிரத்தையும் சேர்த்தாலும் இதில் பத்துக் காகிதத்தின் பாரம் வராது என்றார் நானா. முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள் கமலா. இத்தனை பேரை நீ சுமந்துகொண்டிருந்தாய், நான் உன்னை வீட்டுக்கு ஏற்றிப் போக வந்து வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தேன்.

மேல் லயத்து அறையை முழுக்கப் பார்த்தேன். பேச்சியம்மாவுடையது இருந்தது. தினேஷுடையது இல்லை.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த ஆள் கடைக்குள் வந்தான். சாதாரண உடுப்பு, ஆனால் நடையிலேயே பொலிஸ் ஆள் என்று தெரிந்தது. தமிழ்ப் பையன்களின் காகிதங்களை இங்கே யாரோ சேர்த்து வைத்திருப்பதாகக் கேள்வி என்று சிங்களத்தில் நானாவிடம் சொன்னான். நானா தெரியாது என்றார். அவன் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி வருவதாகச் சொல்லிப் போனான்.

நானாவின் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கத்தில் குனிந்து, “நான் சொல்றதக் கேளுங்க. எல்லாத்தையும் அழிச்சிப் போட்டு இந்தப் பெட்டிய மூடிருவோம். ஒங்களுக்கும் கரச்சல், எனக்கும் கரச்சல்” என்றார்.

“முடியாது நானா.”

“கமலாவே இல்ல. இனி இது யாருக்கு?”

“கமலா இல்லாததாலதான் நானா முடியாது. இது அவ சாமானா? ஆளுங்க குடுத்து வச்சது. அழிக்க நான் யாரு?”

நானா வாசலை எட்டிப் பார்த்தார். அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறகு, “கமலா அனுப்பினதெல்லாம் ஒரு எடத்துல கெடக்கு பாருங்க. புள்ள தனக்குத்தானே அனுப்பியிருக்கா, அதனால ஒரே கடுதாசி ரெண்டு தரம் எடம் புடிச்சிருக்கு. அதையாச்சும் முழுசா அழிங்க, செவப்புப் போயிரும். நான் தேத்தண்ணி குடிச்சிட்டு அரமணித்தியாலத்துல வாரேன். நான் ஒண்டும் பாக்கல்ல” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஒரே அமுக்கில் எல்லாவற்றையும் அழிக்கிற பொத்தான் கண்ணுக்கு முன்னால் இருந்தது. மூன்று நாளாக அழித்து அழித்துக் கை பழகிவிட்டிருந்தது. அமுக்கியிருப்பேன். ஆனால் கடைசியாக நீ யாருக்காக உட்கார்ந்தாய் என்று பார்க்க ஓர் ஆசை. காய்ச்சல் கண்டு நீ படுத்ததற்கு முந்தின நாள் அது. திறந்தேன்.

தினேஷின் பிறப்புச் சான்றிதழ்.

அந்த நாள் நீ அனுப்பியது பதினொரு பேருடையது. பதினொன்றில் ஒன்றுகூட உள்ளே வந்து சேரவில்லை. அப்போதே பெட்டி நிறைந்துவிட்டிருந்தது. அனுப்பினாய், ஆனால் உனக்கே வந்து சேராமல் போய்விட்டது. வந்து சேரவில்லை என்று சொல்கிற செய்திக்கும் இடமில்லை. அடுத்த நாள் எழுந்திருந்தால் கவனித்திருப்பாய். நீ எழுந்திருக்கவில்லையே. நான் அந்தப் பொத்தானை அமுக்கியிருந்தால் அந்தப் பதினொரு பேரும் போயிருப்பார்கள்.

உடனே அச்சடித்தேன். காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நேராகப் பிறப்புப் பதிவு பார்க்கிற கச்சேரி அலுவலகத்துக்குப் போனேன். இலக்கமும் பதிவும் தெளிவாக இருந்ததால், பழைய புத்தகத்தைப் பார்த்து, அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்றை அடுத்த நாளே கொடுத்தார்கள். அதற்குள் இரண்டு தரம் இருந்தவற்றில் சிலதை அழித்துப் பெட்டியிலும் கொஞ்சம் இடம் பண்ணியிருந்தேன். மெனேஜர் மறுபடி அனுப்பிய கடிதமும் வந்து சேர்ந்தது.

பேச்சியம்மாவும் நானும் முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். வழியில் எத்தனை தடவை இறக்கிச் சோதித்தார்கள் என்று எண்ணவில்லை. பொலிஸில் மத்தியானம் வரை நிற்க வைத்தார்கள். கடைசியில் ஓர் அதிகாரி பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நேத்துத்தானே குடுத்திருக்கு?”

“கடுதாசிதான் மாத்தயா நேத்து. புள்ள பொறந்து இருவத்திரண்டு வருசம் ஆச்சு” என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பேச்சியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

மூன்றாம் நாள் விட்டார்கள். மெலிந்து போயிருந்தான். தாய் கட்டிப்பிடித்து அழுது முடிந்ததும் அவன் என்னைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்.

“கமலா அக்கா வரலீங்களா?”

அவனுக்குத் தெரியாது. “வரல தம்பி. காகிதத்தக் குடுத்து விட்டுச்சு” என்றேன். பஸ்ஸில் வரும்போது பேச்சியம்மா சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிடிபட்டவர்கள் எல்லாரும் அப்படித் திரும்பி வரவில்லை கமலா. ஆற்றோரத்து லயத்துப் பையன் ஒருவனின் காகிதம் அத்தனையும் காட்டினோம், அவன் இன்னும் உள்ளே இருக்கிறான். காகிதம் மட்டும் போதாது என்று எனக்கும் தெரியும். ஆனால் காகிதமும் இல்லையென்றால் அப்படி ஓர் ஆளே இல்லை என்று சொல்லிவிடுவார்களே. அதைச் சொல்ல விடமாட்டேன்.

பிறகு மூன்று கிழமை உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து, இரண்டு தரம் இருந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்தேன். வந்து சேராத பதினொன்றையும் அவரவர் அறையில் சேர்த்தேன். ஒருநாள் திறந்தபோது சிவப்பு எழுத்தைக் காணோம். நானா கைதட்டினார். அந்த ஆள் வந்து போன பிறகும் அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. உங்களுக்குக் கரைச்சல் வேண்டாம், பக்கத்து ஊர் பலாபத்வலையில் வேறு கடை பார்க்கிறேன் என்றதற்கு, “ஏன், என்ட கடைக்கு என்ன கொற?” என்று சண்டைக்கு வந்தார்.

இப்போது ஸ்கேன் செய்ய நானும் பழகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லயங்களுக்குப் போய் ஆட்களையும் காகிதங்களையும் ஏற்றி வருகிறேன். போன கிழமை மறுபடி சிவப்பு எழுத்து வந்துவிட்டது. வரட்டும். சுதாவின் பெயரில் இன்னொரு பெட்டி திறந்திருக்கிறோம். அதுவும் நிறைந்தால் மூன்றாவது.

கடைக்கு வந்து விசாரித்த அந்தப் பொலிஸ் ஆள் ஒருநாள் சந்திக்கே வந்தான். “காகிதம் சேக்கிறவன் நீதானா?” என்றான். பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டோவை விட்டு இறங்கி நின்று சொன்னேன்: “நான்தான். எல்லாம் அரசாங்கம் முத்திர குத்திக் குடுத்த கடுதாசி. அத வச்சிருக்கிறது குத்தம்னா எழுதிக் குடுங்க மாத்தயா, அதையும் ஸ்கேன் பண்ணி வச்சிக்கிறேன்.” என் அடையாள அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மறுபடி வருவானா? வந்தால் நான் இங்கேதான் நிற்பேன்.

நீ நிம்மதியாக இரு. அனுப்பியது வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் இனி ஒருநாளும் எழுந்து வரமாட்டேன். யார் மிரட்டினாலும் சரி, கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று கைவிரிக்க மாட்டேன். நாளைக்குக் காலையில் கீழ் லயத்தில் புதிதாய்ப் பிறந்த பிள்ளை ஒன்றின் பிறப்பைப் பதியப் போகிறோம். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. முதல் ஆளாக நான் ஓட்டோவோடு வாசலில் நிற்பேன்.

உன் வீட்டுக்காரன்,
சுதாவின் அப்பா,
ராஜு